எலைசா கிட்: உறிஞ்சுவதா, ஒட்டுவதா?

‘ஐஎல்-6 கிட் வந்தாச்சா?’ என்று லேபில் கேட்டால், கேட்பது ரத்தத்தில் இன்டர்லியூக்கின்-6 (சுருக்கமாக ஐஎல்-6) என்ற புரதத்தை அளக்க உதவும் ஒரு அட்டைப்பெட்டியை. உள்ளே 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டும் சில குப்பிகளும் இருக்கும். மேலே ‘ஹியூமன் இன்டர்லியூக்கின்-6 எலைசா’ என்று போட்டிருக்கும். இந்தப் பெயரைத் தமிழாக்கும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது, அதைச் சொல்லத்தான் இது.

முதலில் இன்டர்லியூக்கின். ‘இன்டர்’ லத்தீனில் இடையே, ‘லியூகோஸ்’ கிரேக்கத்தில் வெள்ளை. வெள்ளணுக்களுக்கு இடையே சேதி கொண்டுபோகும் புரதம் என்று 1979இல் சுவிட்சர்லாந்தில் கூடிய ஆய்வாளர்கள் வைத்த பெயர். மற்ற செல்களும் இவற்றைச் சுரக்கின்றன, ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. உடலில் அழற்சி வந்தால் ஐஎல்-6 ஏறும், கல்லீரலைத் தூண்டி சிஆர்பி என்ற அழற்சி காட்டும் புரதத்தைச் சுரக்க வைக்கும். அதனால் இதை ‘அழற்சித் தூதுப்புரதம்’ எனலாம். ஆனால் இன்டர்லியூக்கின் குடும்பம் முழுவதற்கும் அது பொருந்தாது, ஐஎல்-10 அழற்சியைத் தணிக்கிற ஆள்.

அடுத்து எலைசா. 1971இல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்ட முறை, ‘என்சைம் லிங்க்டு இம்யூனோசார்பென்ட் அஸ்ஸே’ என்பதன் சுருக்கம். அதற்கு முன் இந்த மாதிரி அளவீட்டுக்குக் கதிரியக்க அயோடின்தான் வழி. அந்த இடத்தில் நிறம் காட்டும் நொதியை வைத்தார்கள்.

சிக்கல் ‘சார்பென்ட்’டில். இதை ‘உறிஞ்சுதல்’ என்று எழுதுகிறார்கள். உறிஞ்சினால் பொருள் உள்ளே போய்விடும், பஞ்சில் தண்ணீர் மாதிரி. தட்டில் நடப்பது அது இல்லை. குழியின் சுவரில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறது, சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) ஊற்றினால் ஐஎல்-6ஐ மட்டும் அது பிடித்துக்கொள்கிறது, அப்புறம் தட்டைக் கவிழ்த்து டிஷ்யூ பேப்பரில் பட் பட்டென்று தட்டி, கழுவி, மறுபடியும் தட்டுகிறோம், அத்தனைக்கும் பிடிபட்டது சுவரை விட்டுப் போவதில்லை. அதன்மேல் நொதி கோத்த இரண்டாவது எதிர்ப்பொருள் உட்கார்ந்தபின், நொதி பட்டால் நிறம் மாறும் டிஎம்பி கரைசலை விட்டால் நீலமாகும், அமிலம் விட்டால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, ஐஎல்-6 அவ்வளவு அதிகம்.

மேற்பரப்பில் ஒட்டுவதற்கு நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு வேதியியல் பாடத்தில் ‘பரப்புக் கவர்தல்’, இலங்கையில் ‘புறத்துறிஞ்சல்’. அகத்தையும் புறத்தையும் பிரித்துக் காட்டிய இலங்கைச் சொல் எனக்கு ரொம்பவே பிடிக்கும்.

‘இம்யூன்’ வந்த வழியும் அழகு. லத்தீன் ‘இம்யூனிஸ்’ என்றால் வரியிலிருந்தும் ஊர்க்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவர். நம் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்துக்கு ‘இறையிலி’ என்று வருகிறதே, அதே எண்ணம்தான்.

‘அஸ்ஸே’யும் வெறும் சோதனை இல்லை. பொன்னை உரைத்து மாற்று எவ்வளவு என்று பார்க்கிற வேலைக்கு உரிய சொல் அது. இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர் ரத்தத்தில் ஐஎல்-6 மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம்தான், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் சில பங்கு. அதையும் அளக்கிற வேலைக்கு ‘அளவை’ என்ற சொல் சரியாக உட்காரும்.

எனவே முழுப்பெயருக்கு நான் எழுதுவது ‘நொதியிணை எதிர்ப்பொருள் ஒட்டளவை’. பேச்சில் எலைசா எலைசாவாகவே இருக்கட்டும், கிட்டும் கிட்டாகவே.