வயிற்றுக்குள் ஓர் எவரெஸ்ட்

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. "மாமா ஹாலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துதான் சிகரெட் பிடிப்பார் சார். ஃபேனைப் போட்டுவிடுவேன். அவர் எழுந்து போனதும் ஊதுபத்தி ஏற்றிவைத்தால் வாடையே இருக்காது. குழந்தைக்கு இது போதும்தானே?" என்று கேட்டிருந்தார்.

போதாது அம்மா. ஏன் போதாது என்று பார்க்கப் போனால், உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தில் போய் நிற்போம்.

முதலில் புகை. எரியும் சிகரெட்டை ஒருவர் விரலிடுக்கில் வைத்திருக்கும்போது தள்ளி நின்று கவனியுங்கள். நுனியிலிருந்து எழும் இழை இளநீலமாக இருக்கும். அவர் ஊதிவிடும் புகை வெளுத்திருக்கும். நுனிப் புகையின் துகள்கள் மிகப் பொடியானவை, அதனால் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. நுரையீரலுக்குள் போய்வந்த புகையில் ஈரம் சேர்ந்து துகள்கள் பருத்துவிடுகின்றன, அதனால் வெள்ளை. அறையில் நிறைவதில் பெரும்பங்கு அந்த நீலப் புகைதான். இழுக்கும்போது நுனி 900 டிகிரி செல்சியஸ் வரை கனலும். இழுக்காத நேரத்தில் சூடு குறைந்து, காற்றும் போதாமல், புகையிலை அரைகுறையாகப் புகைந்துகொண்டிருக்கும். அரைகுறையாக எரிந்தால் என்ன வரும் என்பது பள்ளியில் படித்ததுதான்: கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ஊதுபத்தி வாடையை மறைக்கும், இந்த வாயுவை ஒன்றும் செய்யாது. தானும் புகைவதால் இன்னும் கொஞ்சம் சேர்க்கவே செய்யும்.

சிகரெட் புகையில் 7000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. நிகோட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகிறது. இதெல்லாம் பலரும் கேள்விப்பட்டதுதான். நான் சொல்ல வந்தது கார்பன் மோனாக்சைடு பற்றி. அதற்குக் குழந்தையின் ரத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய உடலியல் அறிஞர் ஜோசப் பார்கிராஃப்ட், கருவின் வாழ்க்கையைக் கருப்பைக்குள் இருக்கும் எவரெஸ்ட் என்று வர்ணித்தார். அது மிகையில்லை. தாயின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் பாதரசம். தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சேரும் ரத்தத்தில் அது 30 அளவில்தான் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அந்த அழுத்தத்தில் நம் ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் பாதிக்குச் சற்று மேலேதான் நிரம்பும். குழந்தையினுடையது முக்கால்வாசி நிரம்பிவிடுகிறது!

எப்படி? நம் ரத்த சிவப்பணுக்களில் பி.பி.ஜி. என்றொரு சிறு மூலக்கூறு இருக்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்டது. ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது, நடுவில் ஒரு குழிவு உண்டு. பி.பி.ஜி. அந்தக் குழிவுக்குள் ஆப்பு மாதிரி இறங்கி உட்கார்ந்து, ஆக்சிஜனை விட்டுக்கொடுக்க வைக்கிறது. அங்கே அதைப் பிடித்து வைப்பவை, நான்கில் பீட்டா எனப்படும் இரண்டு சங்கிலிகளில் உள்ள நேர்மின்னூட்டங்கள். குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிகளுக்குப் பதிலாக காமா சங்கிலிகள். அவற்றில் 143-ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. செரினுக்கு மின்னூட்டம் இல்லை. ஆப்பு சரியாக இறங்காது. அதனால் குழந்தையின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை நம்முடையதைவிட இறுகப் பிடித்துக்கொள்கிறது, அம்மாவின் ரத்தத்திடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதில் இவ்வளவு! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் வியப்பு அடங்குவதில்லை.

இப்போது இதே ரத்தத்துக்குள் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினில் ஒட்டும். குழந்தையின் ரத்தத்தில் சேரும் அளவு, காலப்போக்கில் தாயின் ரத்தத்தில் உள்ளதையே மிஞ்சிவிடுகிறது. இடம் பறிபோவது பாதிச் சேதம்தான். ஒரு ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்காரும் நான்கு இடங்களில் ஒன்றில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்தாலும், மற்ற மூன்றும் தங்களிடம் உள்ள ஆக்சிஜனை இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே இறுக்கமான பிடி. மூளைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேர்ந்தபின் ஆக்சிஜனை இறக்கிவிட வேண்டும் அல்லவா, அங்கே கை திறக்க மறுக்கிறது. எவரெஸ்ட் உயரத்தில் குழந்தையைக் காப்பாற்றும் குணமே, இந்த வாயு வந்ததும் அதற்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது என்று நிம்மதியடைய வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அந்தக் கருவி ஆக்சிஜன் என்றே எண்ணும். இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருப்பதே குறைவு, அதிலும் ஒரு பங்கு போகிறது.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. வீட்டுக்குள் சட்டம் வராது. 2016-17-இல் நடந்த புகையிலை ஆய்வில், நாட்டில் வயதுவந்தோரில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகத் தெரிந்தது. தடைகளால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தடை வந்தபின் குறைமாதப் பிறப்புகள் சுமார் 10 சதவீதம் குறைந்ததை 2014-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. இங்கிலாந்தில் கர்ப்பிணிகளை முதல் பரிசோதனையிலேயே ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்லி, மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கிறார்கள். நம் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்தக் கருவி இருக்க வேண்டும். அதற்கும், நம் வீடுகளின் காற்றை அளந்து பார்க்கும் ஆய்வுகளுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கிரகணம் என்றால் நம் வீடுகளில் கர்ப்பிணியை உள்ளே வைத்துக் கதவு ஜன்னலையெல்லாம் சாத்துகிறோம். கிரகணத்தின் நிழல் எந்தக் குழந்தையையும் தொட்டதில்லை. ஆனால் அப்படிச் சாத்திய வீட்டுக்குள் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் அந்தப் புகை போக வழியே இல்லை. குழந்தைமேல் உள்ள அக்கறையால்தான் சாத்துகிறார்கள், அதை நான் மதிக்கிறேன். அந்த அக்கறை புகையின் பக்கம் திரும்பினால் எவ்வளவோ நல்லது.

சரி, என்ன செய்யலாம்? ஃபேன் புகையை வீடெங்கும் பரப்பும். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடும். காற்று சுத்திகரிப்பான் துகள்களைப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. ஆகவே சிகரெட் வாசலைத் தாண்டிப் போக வேண்டும். ஜன்னலுக்கு நேர் கீழே வேண்டாம், தெருமுனை நல்லது. முடித்தபின் சில நிமிடங்கள் வெளியிலேயே நின்று, பிறகு கைகழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே வரட்டும். காருக்குள் கூடவே கூடாது. விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

மாமனாரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை அம்மா. உங்கள் கணவர் சொல்லட்டும்: "அப்பா, குழந்தை வர்ற வரைக்கும் மட்டுமில்ல, வந்த பிறகும் வீட்டுக்குள்ள வேண்டாம்." அவர் இன்றே வெளியே போக ஆரம்பித்தால், உங்கள் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு நான்கைந்து மணி நேரத்துக்கொரு முறை பாதியாகும். குழந்தையிடமிருந்து வெளியேற உங்கள் ரத்தம் ஒன்றுதான் வழி, அதனால் அங்கே இன்னும் மெதுவாகத்தான் குறையும். ஆனாலும் இரண்டு நாளில் புகையால் வந்தது ஏறக்குறைய முழுவதும் போயிருக்கும்.