யூஎஸ்பி கேபிளை மாற்றினால் பாட்டு மாறுமா?

கம்ப்யூட்டருக்கும், எண்களாக வரும் பாட்டை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் டிஏசி பெட்டிக்கும் நடுவே ஒரு மீட்டர் யூஎஸ்பி கேபிள். பழைய பிரிண்டரோடு வந்த கேபிள் வீட்டில் சும்மா கிடக்கிறது. கடையில் வெள்ளிக் கம்பி போட்ட கேபிளும் இருக்கிறது, விலை பல்லாயிரம் ரூபாய். "மாற்றியதுமே பேஸ் இறுகிவிட்டது, வயலின் முன்னால் வந்து நிற்கிறது" என்று அதை வாங்கியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஏதோ கேட்டிருக்கிறது. அது கேபிளிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி.

யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள். ஒன்றில் 5 வோல்ட், இன்னொன்று அந்த மின்சாரம் திரும்பும் வழியான கிரவுண்ட். மீதி இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடி. பாட்டு போவது அதில்தான். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். டிஏசி இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. வழியில் வெளி இரைச்சல் ஒட்டிக்கொண்டால் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒட்டும், கழிக்கும்போது போய்விடும்.

அந்த ஜோடியின் வேகம் நொடிக்கு 48 கோடி பிட். சிடி தரத்தில் உள்ள பாட்டுக்குத் தேவையானது நொடிக்கு சுமார் 14 லட்சம் பிட்தான். வெள்ளி, செம்பைவிட ஐந்தாறு சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும், உண்மை. ஆனால் வந்தது 0 ஆ 1 ஆ என்று மட்டும் பார்க்கிற இடத்தில், ஒரு மீட்டர் தூரத்தில், அந்த ஐந்தாறு சதவீதத்துக்கு வேலை இல்லை.

"ஃபைல் காப்பி பண்ணும்போது எழுத்து மாறுகிறதா? அதுபோலத்தான் இதுவும்" என்று சிலர் வாதிடுவார்கள். அது முழுக்கச் சரியில்லை. யூஎஸ்பியில் தகவல் பாக்கெட் எனும் சிறு கட்டுகளாகப் போகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பாக்கெட்டில் பிழை இருந்தால் திரும்ப அனுப்பச் சொல்லலாம். பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் ஆடியோ பாக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டோடும் 16 பிட் சோதனை எண் ஒன்று வருகிறது. கணக்கு உதைத்தால், பாக்கெட் கெட்டது என்று டிஏசிக்குத் தெரியும், அவ்வளவுதான். திரும்பக் கேட்க நேரமில்லை.

சரி, பாக்கெட் கெட்டால் காதில் எப்படிக் கேட்கும்? யூஎஸ்பி 2.0 வேகத்தில் பொதுவாக நொடிக்கு 8000 பாக்கெட் போகிறது. ஒன்று தொலைந்தால் அந்தச் சிறு துண்டு மொத்தமாகப் போய், 'டப்' என்றோ 'கிரக்' என்றோ கேட்கும். நிறையத் தொலைந்தால் பாட்டே விட்டுவிட்டு வரும். பேஸ் இறுகாது. கேபிளில் பேஸ் தனியாகவும் வயலின் தனியாகவும் போவதில்லை, போவது எண்களின் வரிசை. வயலின் மட்டும் பளிச்சென்று கேட்க வேண்டுமானால், நொடிக்குப் பல்லாயிரம் எண்களை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கணக்குப் போட்டு மாற்ற வேண்டும். ஈக்வலைசர் செய்வது அதைத்தான். கம்பிக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

எண்கள் சரியாக வந்தாலும் நேரம் தவறலாமே? நல்ல கேள்வி, ஒரு காலத்தில் இதில் விஷயம் இருந்தது. பழைய யூஎஸ்பி ஆடியோவில் மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட். சிடிக்கு நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்த எண்கள்) என்பதால் ஒன்பது பாக்கெட்டில் 44, பத்தாவதில் 45 என்று போகும். அன்றைய டிஏசிகள் பல, பாக்கெட் வரும் வேகத்தைப் பார்த்தே தங்கள் கடிகாரத்தை ஓட்டின. வரத்து தள்ளாடினால் கடிகாரமும் தள்ளாடும். இப்போது நல்ல டிஏசிகளில் இருப்பது அசிங்க்ரனஸ் முறை. டிஏசிக்குள்ளேயே குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் இருக்கிறது. வரும் எண்களைச் சிறு தொட்டியில் சேர்த்து வைத்து, தன் கடிகாரப்படி எடுத்துக்கொள்கிறது. தொட்டி குறைந்தால் கூடுதலாகவும் நிறைந்தால் குறைவாகவும் அனுப்பும்படி கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது. குழாயில் தண்ணீர் எப்படி வந்தாலும், தொட்டியிலிருந்து ஒரே சீராக எடுத்துக்கொள்ளலாம்.

மீதி இருப்பது அந்த மற்ற இரண்டு கம்பிகள். கேபிள் பிரியர்கள் பக்கம் நியாயம் இருக்கும் ஒரே இடம் இதுதான். கம்ப்யூட்டரின் மின் இரைச்சல் கிரவுண்ட் வழியாகவும் 5 வோல்ட் வழியாகவும் டிஏசியின் அனலாக் பகுதிக்குள், அதாவது எண்கள் மின்னலையாக மாறியபின் போகும் பகுதிக்குள், நுழைய முடியும். என் வீட்டில் ஒருமுறை தம்பூரா ஸ்ருதிக்கு அடியில் இன்னொரு ஸ்ருதி போல 'ம்ம்ம்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று கேபிள் மாற்றினேன், போகவில்லை. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது. லேப்டாப், டிஏசி, ஆம்ப்ளிஃபையர், சுவர் பிளக் எல்லாம் கிரவுண்ட் வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்திருந்தன. எவ்வளவு விலை கொடுத்த கேபிளானாலும் அதற்குள்ளும் கிரவுண்ட் கம்பி இருக்கிறது, வளையம் அப்படியேதான் இருக்கும். இதற்கு மருந்து, மின் தொடர்பையே அறுத்துத் தகவலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர், அல்லது ஒளியால் தகவல் அனுப்பும் ஆப்டிகல் கேபிள். நன்றாக வடிவமைத்த டிஏசியில் இந்த இரைச்சலைத் தடுக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கும்.

அப்புறம் ஏன் வித்தியாசம் கேட்கிறது? ஒலியின் நுணுக்கம் நம் நினைவில் சில நொடிகளே தங்கும். கேபிளைக் கழற்றி மாட்டுவதற்குள் பழைய ஒலி மங்கிவிடுகிறது. புதியது எது என்று தெரிந்தபின் காது தேடித் தேடிக் கேட்கிறது. அதே பாட்டில் முன்பு கவனிக்காததெல்லாம் கேட்கும். அது நிஜமாகவே கேட்பதுதான். ஆனால் பழைய கேபிளிலும் அது இருந்தது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. வேறொருவர் அடுத்த அறையில் காசு சுண்டிப் போட்டு, தலையா பூவா பார்த்து, 16 முறை மாட்டட்டும். உங்களிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வால்யூமைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் எது என்று எழுதிவையுங்கள். வெறும் குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக எட்டு சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால், அது தற்செயலாக நடக்க நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. அப்படி வந்தால் அடுத்த நாள் இன்னொரு 16 முறை செய்து பாருங்கள். மறுபடியும் வந்தால், டிஏசிக்குள் கிரவுண்ட் இரைச்சல் புகுகிறதா என்று முதலில் தேடுங்கள்.