ராஸ் எல் ஹானூத்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொராக்கோ சமையல் குறிப்பு எதைத் திறந்தாலும் ராஸ் எல் ஹானூத் என்ற மசாலாப் பொடியின் பெயர் வந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ரஸ் எல் ஹனவுட்' என்று எழுதுகிறார்கள், அது தப்பு. அரபியில் ராஸ் எல் ஹானூத், கடைசியில் வருவது த், ட் இல்லை.

'ராஸ்' என்றால் தலை. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு ராஸ் அல் கைமா தெரிந்திருக்கும், அதே ராஸ்தான், ஊர்ப்பெயரில் வரும்போது கடலுக்குள் நீண்டிருக்கும் முனை என்று பொருள். 'ஹானூத்' என்றால் கடை. அரமேய மொழியிலிருந்து அரபிக்கு வந்த சொல் இது, எபிரேயத்திலும் கிட்டத்தட்ட இதே சொல்தான் கடையைக் குறிக்கிறது, மொராக்கோவில் இன்றைக்கும் தெருமுனை மளிகைக்கடை என்றால் ஹானூத், கடைக்காரர் 'மூல் எல் ஹானூத்'.

ஆக நேர்ப்பொருள் 'கடையின் தலை'. கடையில் இருப்பதிலேயே உயர்ந்தது என்று அர்த்தம். இதைக் கலந்து கொடுப்பவர் அத்தார், மசாலாவும் மூலிகையும் வாசனைப் பொருளும் விற்பவர், நாம் அத்தர் என்று பூசிக்கொள்கிறோமே, அதே வேர்ச்சொல். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் இவர்களுக்கென்றே ஒரு கடைவீதி உண்டு, அதை ஒட்டி 1323-25இல் கட்டிய மதரஸாவுக்கும் அத்தாரீன் என்றுதான் பெயர். ஒவ்வோர் அத்தாரும் தன் கைக்கணக்கில் கலப்பார், பத்துப் பன்னிரண்டு சரக்கோடு நிறுத்துபவரும் உண்டு, முப்பதுக்கு மேல் போகிறவரும் உண்டு. ஆகவே 'அசல் செய்முறை' என்று ஒன்றைத் தேடுவது வீண்.

சீரகம், சுக்கு, பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகு, மஞ்சள் இவையெல்லாம் பொதுவாக இருக்கும். பெரிய கலவை என்றால் திப்பிலி, வால்மிளகு, சித்தரத்தை, காய்ந்த ரோஜா மொட்டு, லாவெண்டர் எல்லாம் சேரும். ரோஜாவுக்குப் பேர்போன ஊர் கலாத் மகூனா. பழைய பட்டியல்களில் காமம் தூண்டும் என்று நம்பி ஒரு பச்சை வண்டைக்கூடக் காயவைத்துச் சேர்த்திருக்கிறார்கள், அது விஷம், 1990களில் மொராக்கோ சந்தைகளில் அதன் விற்பனையைத் தடுத்துவிட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மொராக்கோ கரம் மசாலா' என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. பூ வாசம் வரும் ஒரு கலவையை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது, அதோடு வேறு ஊரின் பெயரை இதன் தலையில் கட்டுகிறது. சொல்லுக்குச் சொல் 'கடைத்தலைப் பொடி' என்றால் அதுவும் சரிவராது. பழந்தமிழில் கடைத்தலை என்றால் தலைவாசல், போதாததற்குத் தலை, இடை, கடை என்ற வரிசையில் கடை என்பது கடைசித் தரம். நான் சொல்வது தலைச்சரக்குப் பொடி. அரபியில் ராஸ் செய்யும் வேலையைத் தமிழில் 'தலை' அப்படியே செய்கிறது, தலையாய, தலைசிறந்த என்கிறோமே. சரக்கு என்பதில் மளிகையும் அடங்கும், நாட்டு மருந்தும் அடங்கும், அத்தார் கடையும் அப்படிப்பட்ட இடம்தான்.

அந்த மருந்துப் பக்கத்தை ரஃபீஸாவில் பார்க்கலாம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் உணவு, மொராக்கோவில் மூன்றாம் நாள் வழக்கமாகச் செய்வது. கோழியை வெந்தயம், பருப்பு, இந்தப் பொடி சேர்த்து நிறையக் குழம்போடு வேகவைத்து, பிய்த்துப் போட்ட ரொட்டியின்மேல் ஊற்றுவார்கள். நம் பிரசவ லேகியத்திலும் திப்பிலியும் சித்தரத்தையும் இருப்பதை நினைத்தால் இது அந்நியமாகவே தோன்றாது.

ஆனால் இந்தப் பொடியின் முழு வாசத்தையும் அறிய ம்ரூஸியா செய்யவேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு மிஞ்சும் ஆட்டுக்கறியில் செய்வது, ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் தேனும் கொழுப்பும் சேர்ந்து கறியைப் பல நாள் கெடாமல் வைத்தன. அரைக்கிலோ எலும்புக்கறிக்கு ஒன்றரை டீஸ்பூன் பொடி, கொஞ்சம் சுக்குத்தூள், குங்குமப்பூ, உப்பு போட்டுப் பிசறி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் நெய்யும் வெங்காயமும் தண்ணீரும் சேர்த்துச் சின்னத் தீயில் இரண்டு மணி நேரம். நாம் எண்ணெயைக் காயவைத்துப் பொடியைப் போட்டு வதக்குவோம், இங்கே அது கூடாது, ரோஜா கருகிக் கசந்துவிடும். கறி மெத்தென்று வெந்த பிறகு உலர்திராட்சை ஒரு கைப்பிடி, தேன் இரண்டு மூன்று ஸ்பூன், அப்புறம் குழம்பு சுண்டிப் பளபளவென்று கறியில் ஒட்டும்வரை திறந்தே வையுங்கள். வறுத்த பாதாமை இறக்கும்போது தூவினால் போதும்.