இலையை மடித்துவைக்கும் செல்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியலோ உயிரித்தொழில்நுட்பமோ முதுநிலை படிப்பவர்களுக்கு அலுக்காத ப்ராஜெக்ட் ஒன்று உண்டு. ஏதாவது ஒரு மூலிகைச் சாறு புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறதா என்று பார்ப்பது. செல் செத்தது என்று சொல்வது எளிது. எப்படிச் செத்தது என்று காட்டத்தான் அனெக்சின் சோதனை. கிட்டோடு வரும் தாளில் எத்தனை மைக்ரோலிட்டர், எத்தனை நிமிடம் என்று எல்லாம் இருக்கும். ஏன் என்பது மட்டும் இருக்காது. சோதனை கெடுவது அந்த ‘ஏன்’ தெரியாததால்தான். அதைக் கண்டு சொன்னவர்களில் பெண்கள் பலர், அவர்கள் பெயரும் அந்தத் தாளில் இருக்காது.

வேலரி ஃபேடாக் கால்நடை மருத்துவம் படித்தவர். ஒழுங்காகச் சாகும் செல்லை (இந்தச் சாவுக்குப் பெயர் அப்போப்டோசிஸ்) மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் எப்படி அடையாளம் கண்டு விழுங்குகிறது என்பதை அவரது குழு 1992ல் காட்டியது. செல் சவ்வின் உட்புறம் இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்புறத்துக்கு வந்துவிடுகிறது. பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் இலையை மடித்தால் அடிப்பக்கம் மேலே தெரியும், எடுப்பவரும் எடுத்துவிடுவார். அதே கதைதான். இரண்டு ஆண்டு கழித்து, அந்தக் கொழுப்பில் ஒட்டும் அனெக்சின் புரதத்துக்குச் சாயம் ஏற்றி, செத்துக்கொண்டிருக்கும் செல்களை எண்ணத் தொடங்கினார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு செய்முறையைப் பாருங்கள். குளிர்ந்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவிய செல்களை, 100 மைக்ரோலிட்டர் பைண்டிங் பஃபரில் ஒரு லட்சம் இருக்கும்படி கலக்க வேண்டும். அனெக்சின் 5 மைக்ரோலிட்டர், சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சாயமான புரோபிடியம் அயோடைடு 5 மைக்ரோலிட்டர், இருட்டில் 15 நிமிடம். பிறகு 400 மைக்ரோலிட்டர் பஃபர் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டிவிட வேண்டும். பஃபரில் 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு இருப்பது சும்மா இல்லை. கால்சியம் இல்லாமல் அனெக்சின் அந்தக் கொழுப்பில் ஒட்டாது. தட்டிலிருந்து செல்லைப் பெயர்க்கும் டிரிப்சினோடு ஈடிடிஏ கலந்திருக்கும், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரியாகக் கழுவாவிட்டால் செத்த செல்லும் உயிருள்ளதுபோல் காட்டும். சாயம் ஏற்றிய பிறகு பிபிஎஸ்ஸில் கழுவினாலும் இதே கோளாறுதான். ஈடிடிஏவுக்குப் பயந்து செல்லைச் சுரண்டி எடுத்தால் சவ்வு கிழியும், அனெக்சின் உள்ளே நுழைந்து உட்புறக் கொழுப்பில் ஒட்டும், எல்லாமே செத்ததுபோல் தெரியும்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. செத்த செல்கள் தட்டை விட்டுக் கழன்று மீடியத்தில், அதாவது செல் வளரும் திரவத்தில், மிதக்கும். அந்த மீடியத்தைச் சிங்க்கில் கொட்டிவிட்டு, ஒட்டியிருப்பதை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, நாம் தேடிய மீனே நழுவிப் போனது. பழைய மீடியத்தையும் கழுவிய நீரையும் அதே டியூபில் சேர்த்துத்தான் சென்ட்ரிஃபியூஜ் செய்ய வேண்டும்.

தாளில் ‘அறை வெப்பம்’ என்று இருப்பது 20 முதல் 25 டிகிரி. மே மாதப் புதுச்சேரியில் கரன்ட் போய் ஏசி நின்றுவிட்டால் அது அறை வெப்பம் இல்லை. சென்னையிலிருந்து கூரியரில் வரும் கிட் பெட்டியில் ஐஸ் பேக் முழுக்க உருகியிருந்தால், அப்போப்டோசிஸைத் தூண்டும் ஸ்டோரோஸ்போரின் கொடுத்த செல்களில் முதலில் சோதித்துவிட்டு நம்புங்கள். அனெக்சினை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், 2 முதல் 8 டிகிரி போதும்.

அனெக்சின் ஒன்றை மட்டும் நம்பி அப்போப்டோசிஸ் என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார், விடவும் கூடாது. அதனால் அடுத்து காஸ்பேஸ் சோதனை. காஸ்பேஸ்கள் புரதங்களை வெட்டிச் செல்லைச் சாகடிக்கும் நொதிகள், அவற்றின் கதை ஒரு புழுவில் தொடங்குகிறது. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் புழு ஒன்று, வளரும்போது உண்டாகும் 1,090 உடல் செல்களில் 131ஐ ஒவ்வொரு முறையும் தவறாமல் சாகவிடுகிறது. அந்தச் சாவுக்கு செட்-3, செட்-4 என்ற இரண்டு மரபணுக்கள் வேண்டும் என்று ஹிலரி எல்லிஸ், ராபர்ட் ஹார்விட்ஸின் ஆய்வகத்தில் 1986ல் கண்டார். 1992ல் மெர்க் நிறுவனத்தின் நான்சி தார்ன்பெரி, அழற்சியோடு தொடர்புள்ள மனித நொதி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதன் சுருக்கப் பெயர் ‘ஐஸ்’, ஐஸ் பெட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். புழுவின் செட்-3 அந்த நொதியின் சொந்தக்காரன் (இரண்டும் காஸ்பேஸ் குடும்பம்) என்று ஜுன்யிங் யுவான் 1993ல் காட்டியதும், புழுவில் நடப்பது நம் உடம்பிலும் நடக்கிறது என்று தெளிவாகிவிட்டது. 2002 நோபல் பரிசு இந்தப் புழு ஆராய்ச்சிக்குத்தான். வாங்கிய மூவரும் ஆண்கள்.

எந்தக் காஸ்பேஸ் எந்த அமினோ அமில வரிசையை வெட்டும் என்று தார்ன்பெரி குழு பிறகு பட்டியலிட்டது. இன்று 405 நானோமீட்டரில் மஞ்சள் நிறம் அளக்கும் கிட் அதன்மேல்தான் நிற்கிறது. காஸ்பேஸின் வேலை செய்யும் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி செத்த மாதிரிதான். பஃபரில் 10 மில்லிமோலார் டிடிடி (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) சேர்ப்பது அதற்குத்தான். போன மாதம் கரைத்து வைத்த டிடிடியை ஊற்றிவிட்டு ‘காஸ்பேஸ் இல்லை’ என்று எழுதிவிடுவது உண்டு. அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும்.

காஸ்பேஸைத் தடுத்தும் செல் சாகிறதா? அப்போதும் யுவானிடம்தான் போக வேண்டும். நெக்ரோப்டோசிஸ் என்ற வேறு வழியையும் அதைத் தடுக்கும் நெக்ரோஸ்டாட்டினையும் 2005ல் விவரித்தது அவரது குழு. காஸ்பேஸைத் தடுத்தும் செத்த செல், நெக்ரோஸ்டாட்டின் சேர்த்ததும் பிழைத்தால் அது அப்போப்டோசிஸ் இல்லை.

ஆய்வகத்துக்கு வெளியே, நோயாளிக்குப் பயன்பட்ட வேலை சுசான் கோரியுடையது. மெல்போர்னில் கணவர் ஜெர்ரி ஆடம்ஸ், ஆய்வு மாணவர் ஆகியோருடன் 1988ல் அவர் கண்டது இது: பிசிஎல்-2 மரபணு செல்லை வேகமாகப் பெருக வைப்பதில்லை, சாகவேண்டிய செல்லைச் சாகவிடாமல் பிடித்து வைக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்தும் வெனட்டோகிளாக்ஸ் மாத்திரை 2016ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயில் 20, 50, 100, 200, 400 மில்லிகிராம் என்று வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுவார்கள். எடுத்ததுமே முழு அளவு கொடுத்தால் செல்கள் கூட்டமாகச் செத்து பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் ரத்தத்தில் கொட்டும், சிறுநீரகமும் இதயமும் தாங்காது. மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தினம் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் (தண்ணீர் அளவு கட்டுப்பாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு). கிரேப்ஃப்ரூட், நட்சத்திரப்பழம் கூடாது, பூஞ்சைக்கான மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடவும் கூடாது.

முதல் 20 மில்லிகிராமுக்கும் முதல் 50 மில்லிகிராமுக்கும் முன்பு, பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில், 24 மணி நேரத்தில் என்று மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். எடுத்த ரத்தம் டியூபில் நெடுநேரம் கிடந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். ஆகவே விருத்தாசலம், சிதம்பரம் பக்கமிருந்து புதுச்சேரிக்கு வருபவர்கள் அந்த இரண்டு நாளும் ஊருக்குத் திரும்பாமல் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இரவு தங்க ஏற்பாடு செய்துகொண்டு வருவது நல்லது.