64-ஆ, 65-ஆ: தங்க நாணயத்துக்கு இரண்டாம் சான்று எப்போது தேவை?

அமெரிக்காவில் 1907 முதல் 1933 வரை அச்சிடப்பட்ட, செயின்ட் காடன்ஸ் என்ற சிற்பி வடிவமைத்த இருபது டாலர் தங்க நாணயத்தின் எடை 33.436 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு தங்கம், மீதி செம்பு. சிங்கப்பூர்ச் சேகரிப்பாளர்களிடையே இது பெரும்பாலும் ஒரு கடினமான பிளாஸ்டிக் உறைக்குள், தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்று 'எம்எஸ் 64' என்பதுபோல் ஒரு தரநிலை எண்ணை அச்சிட்டுத் தந்த சீட்டோடு கைமாறுகிறது ('எம்எஸ்' என்பது புழக்கத்துக்கு வராத நிலையைக் குறிக்கும்). ஏற்கெனவே சான்று பெற்ற அந்த உறையின்மீது, அந்த எண் சரிதான் என்று இன்னொரு நிறுவனம் ஒட்டித்தரும் ஒரு சிறிய பச்சை ஒட்டுவில்லையைப் பெறுவதற்காக மீண்டும் பணம் செலவிட வேண்டுமா என்ற கேள்வி, பார்ப்பதற்கு வணிகக் கேள்வியாகத் தோன்றினாலும், அடிப்படையில் அது அளவீட்டுப் பிழை பற்றிய கேள்வி.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்ப்போம். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949-இல் பழைய செப்பு நாணயங்களுக்காக 1 முதல் 70 வரையிலான ஓர் அளவுகோலை முன்வைத்தார். 70 என்று மதிப்பிடப்பட்ட நாணயம், 1 என்று மதிப்பிடப்பட்டதைவிட எழுபது மடங்கு விலை பெறும் என்பதே அவருடைய எண்ணம். விலைக்கணக்கு சில ஆண்டுகளிலேயே பொய்த்துப்போனது; எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 60 முதல் 70 வரையுள்ள பதினோரு படிகளும் புழக்கத்துக்கே வராத நாணயங்களுக்கு உரியவை.

அச்சுகளுக்கிடையே தங்கத்தகடு நசுக்கப்படும்போது, உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்கோடுகளை மேற்பரப்பில் விட்டுச்செல்கிறது. ஒரே ஒரு விளக்கின்கீழ் நாணயத்தை மெதுவாகச் சாய்த்தால், ஆரங்களைப் போன்ற ஒளிப்பட்டைகள் சுழல்வது அந்தக் கோடுகளால்தான். விரல் தேய்மானம் மேடான பகுதிகளில் இவற்றை முதலில் அழிக்கும். துணியால் துடைத்துப் 'பளபளப்பாக்கிய' நாணயத்தில் இவற்றுக்குக் குறுக்கே மயிரிழைக் கீறல்கள் ஓடும். தங்கம் மென்மையானது என்பதால், மூட்டைகளில் கட்டி வங்கிக்கு வங்கி அனுப்பப்பட்ட காலத்தில் ஒன்றோடொன்று மோதிய வடுக்களும் சேர்ந்திருக்கும். தரம் பார்ப்பவர் இந்த மினுக்கம், வடுக்கள், அச்சின் தெளிவு, மொத்தத் தோற்றம் ஆகியவற்றை மனத்துக்குள் எடைபோட்டு, முழு எண்ணாக ஒன்றைச் சொல்கிறார். எடையையும் உலோகக் கலவையையும் கருவிகள் துல்லியமாகச் சொல்லிவிடும். தரநிலையைச் சொல்வது பயிற்சி பெற்ற கண் மட்டுமே.

கண் அளக்கும் எதிலும் சிதறல் உண்டு. ஒரு நாணயத்தின் உண்மைத் தரம் 64-க்கும் 65-க்கும் இடையில், 64-க்குச் சற்று நெருக்கமாக இருப்பதாகவும், ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அது 65 பெறுவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். உறையை உடைத்து ஐந்து முறை அனுப்பினால், ஒரு முறையாவது 65 கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 67 விழுக்காடாக உயர்ந்துவிடுகிறது. 65 கிடைத்தவுடன் உரிமையாளர் நிறுத்திவிடுவார். 64 கிடைத்தால் தொடர்வார். இரண்டு படிகளுக்கிடையே விலை பெரிதாகத் தாவும் நாணயங்களில் வணிகர்கள் இதை உண்மையிலேயே செய்துவந்தார்கள். யாரும் ஏமாற்றாமலேயே, யாரும் லஞ்சம் வாங்காமலேயே, 65 என்ற சீட்டுள்ள உறைகளில் அரைகுறை 65-கள் குவிந்தன. சந்தையும் அந்தச் சீட்டை அதற்கேற்பவே மதிக்கத் தொடங்கியது.

இந்தச் சூழலில்தான் 2007-இல் சிஏசி என்ற நிறுவனம் உருவானது. அது தன் ஒட்டுவில்லைக்காகப் புதிய எண் எதையும் தருவதில்லை. பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற தரம் பார்க்கும் நிறுவனங்களின் உறையில் உள்ள பழைய அமெரிக்க நாணயத்தை உறையோடு பார்த்து, அச்சிட்ட எண்ணுக்கு அது உறுதியாகத் தகுதியானதா என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்கிறது. தகுதியானால் பச்சை ஒட்டுவில்லை. அடுத்த உயர்ந்த எண்ணுக்கே தகுதியானால் பொன்னிற ஒட்டுவில்லை. எல்லைக்கோட்டில் தொற்றிக்கொண்டிருந்தால் ஒன்றுமில்லாமல் திருப்பி அனுப்பப்படும். ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் மேல், நடு, கீழ் என்ற பிரிவுகளை வெளிக்கொணரும் சல்லடை என்று இதைக் கொள்ளலாம்.

ஆனால் இரண்டாவது அளவீடு முதலாவதிலிருந்து முற்றிலும் விலகி நின்றால்தான் பிழை முழுமையாகக் குறையும். தேர்வுத்தாளை இரண்டாவதாகத் திருத்துபவரின் கண்ணில் முதலாமவர் போட்ட மதிப்பெண் பட்டுவிட்டால், அவர் பேனா அதைச் சுற்றியே வட்டமிடும். உறைக்குமேல் எண் தெரிய நடக்கும் இந்தச் சோதனைக்கும் அந்தக் குறை ஓரளவு உண்டு. இன்னொரு சுவையான தகவல்: 1986-இல் பிசிஜிஎஸ் தொடங்கியவர்களில் ஒருவரும், 1987-இல் என்ஜிசியைத் தொடங்கியவரும், பின்னர் சிஏசியைத் தொடங்கியவரும் ஒருவரே, ஜான் ஆல்பனீஸ். தம் தொழிலின் பலவீனத்தை உள்ளிருந்தே அறிந்தவர் வடித்த மருந்து என்றும் இதைப் பார்க்கலாம். ஒரே கண்ணின் ரசனை மூன்று இடங்களிலும் படிந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். எனக்கு இரண்டும் சரியென்றே தோன்றுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒட்டுவில்லை கிடைத்தால் கூடும் விலையால் மொத்தச் செலவை வகுத்தால், எந்த வாய்ப்புக்கு மேல் அனுப்புவது லாபம் என்பது தெரிந்துவிடும். கட்டணம், இருவழி அஞ்சல், காப்புறுதி எல்லாம் சேர்ந்து 250 சிங்கப்பூர் வெள்ளி ஆகிறது, கூடும் விலையோ 300 வெள்ளிதான் என்று கற்பனை செய்துகொண்டால், நாணயம் தேறும் வாய்ப்பு 83 விழுக்காட்டைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த அளவுக்குத் தன் கண்ணை நம்பக்கூடியவருக்கு ஒட்டுவில்லையே தேவைப்படாது. அதே செலவில் 3,000 வெள்ளி கூடக்கூடிய அரிய ஆண்டு நாணயம் என்றால், 9 விழுக்காடு வாய்ப்பே போதுமானது. 1924-ஆம் ஆண்டின் இருபது டாலர் போல ஏராளமாகக் கிடைப்பவற்றில் விலையின் பெரும்பகுதி தங்கத்தின் எடைக்கே உரியது என்பதால், தங்கம் ஏற ஏறத் தரநிலைக்கான கூடுதல் விலை அதற்குள் கரைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாணயத்தை இரண்டாம் சான்றுக்கு அனுப்புவதை வீண்செலவு என்றே சொல்வேன்.

இந்த எளிய கணக்கில் விடுபடும் ஒன்று உண்டு. வாங்குபவரைவிட விற்பவருக்குப் பொருளின் தரம் கூடுதலாகத் தெரிந்திருக்கும் சந்தையில், வாங்குபவர் எல்லாவற்றையும் சந்தேக விலைக்கே கேட்பார் என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். தேறாத நாணயத்தின் சீட்டில் தோல்வி எதுவும் எழுதப்படுவதில்லை. ஆயினும் விலையுயர்ந்த நாணயங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அனுப்பப்பட்டிருக்கும் என்ற எண்ணம் பரவிய பிறகு, ஒட்டுவில்லை இல்லாமையே ஒரு செய்தியாகிவிடுகிறது. ஒருமுறைகூட அனுப்பப்படாத நல்ல நாணயமும் அந்தச் சந்தேகத்துக்கு விலை கொடுக்கிறது. விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு இந்தக் கவலை இல்லை.

அனுப்புவதற்குமுன் உறைக்குள்ளேயே பார்க்கக்கூடியவை பல. முகத்தின் கன்னத்திலும் வெற்றிடங்களிலும் உள்ள வடுக்களை மறைக்கச் சிலர் பசைபோன்ற பொருளைத் தடவுவதுண்டு. காலப்போக்கில் அது புகைமூட்டம்போல் மங்கி, சுழலும் ஒளிப்பட்டையை அந்த இடத்தில் மட்டும் துண்டித்துவிடும். செந்நிறப் புள்ளிகள் பெரும்பாலும் கலவையில் உள்ள செம்பால் தோன்றுபவை. அவை குறையா அழகா என்பதில் சேகரிப்பாளர்களே ஒத்துப்போவதில்லை. போலி உறைகளும் புழங்குவதால், சான்று எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடி, அங்கே படம் இருந்தால் நாணயத்தோடு ஒப்பிடுவது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. இதற்குச் செலவும் இல்லை.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது டாலர் நாணயம் அன்று, பிரிட்டிஷ் சவரன். தேக்கா நகைக்கடைகளில் 916 என்று சொல்லப்படும் அதே 22 காரட் தங்கத்தில், 7.988 கிராம் எடையில் அமைந்தது அது. பச்சை ஒட்டுவில்லை அமெரிக்க நாணயங்களுக்கானது என்பதால், சவரனுக்கு இரண்டாம் சான்று என்றால் ஒரு நிறுவனத்தின் உறையிலிருந்து மற்றொன்றின் உறைக்கு மாற்றுவதுதான். குறைந்தபட்சம் இந்த எண் கிடைத்தால் மட்டும் மாற்றுங்கள் என்று குறிப்பிட்டு அனுப்பலாம்; கிடைக்காவிட்டால் பழைய உறையோடு திரும்பும், கட்டணம் திரும்பாது. 1918-இல் பம்பாயில் அச்சிடப்பட்டு, 'ஐ' என்ற ஆங்கில எழுத்தை அடையாளமாகத் தாங்கிய சவரன் நல்ல நிலையில் இருந்தால் இதைப் பற்றி யோசிக்கலாம். பாட்டியின் தாலிக்கொடியில் வளையம் பற்றவைக்கப்பட்டிருந்த சவரனுக்கு எந்தச் சான்றும் தங்க விலைக்குமேல் பெரிதாகச் சேர்க்காது.

சிங்கப்பூரில் 2012 அக்டோபர் முதல் முதலீட்டுத் தங்கத்துக்குப் பொருள், சேவை வரி விலக்கு உண்டு என்றாலும், அது குறைந்தது 99.5 விழுக்காடு தூய்மையுள்ள தங்கத்துக்கே பொருந்தும். 90 விழுக்காட்டு டாலர் நாணயமும் 22 காரட் சவரனும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. எனவே வெளிநாட்டிலிருந்து வாங்கினால் இன்றைய 9 விழுக்காட்டு வரியையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சான்றுக்காக அனுப்பிய சொந்த நாணயம் திரும்பும்போது, அது இங்கிருந்து போன அதே பொருள்தான் என்று காட்ட முடியாவிட்டால், புதிய இறக்குமதியாகக் கருதப்பட்டு வரி கேட்கப்படலாம். பல கூரியர் நிறுவனங்கள் நாணயங்களை ஏற்பதுமில்லை. எனவே அனுப்புவது என்று முடிவெடுத்தவர்கள், எடுத்துச்செல்லும் நிறுவனத்தின் காப்புறுதி நாணயத்தின் முழு மதிப்புக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டு, சான்று எண் தெளிவாகத் தெரியும் படங்களை ஏற்றுமதி ஆவணங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும்.