கேரவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பசை தேடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு தொட்டி வந்தது. படப்பிடிப்புக்கு ஓடும் கேரவனிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அடிப்பக்கத்தில் ஒரு சாண் விரிசல். அதன்மேல் சிலிக்கான் பசை, அதற்கும் மேல் காய்ந்தால் கல்லாக இறுகும் எபாக்ஸி பசை, எல்லாவற்றையும் மூடி ஒரு ஒட்டுப்பட்டை. மூன்றும் விரலால் இழுத்ததும் உரிந்து வந்துவிட்டன. உரிந்ததைப் பார்த்த பிறகும் ஓட்டுநர் கேட்கிறார்: "இதைவிட வலுவான பசை எது சார்?"

பசையின் வலுவில் குறையே இல்லை. இந்தத் தொட்டிகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததுபோல அதன்மேல் எந்தச் சாதாரணப் பசையும் பரவிப் பிடிக்காது. காய்ந்ததும் ஒரு தோலாக மேலே கிடக்கும், அவ்வளவுதான். வண்டி ஓடாமல் நிற்கும்போது கசிவு நின்றதுபோலத் தெரியும். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அது பிரேக்குக்குப் பிரேக் உள்ளே மோதும்போது தொட்டியின் சுவர் வளைந்து கொடுக்கும். இறுகிய எபாக்ஸி வளையாது. ஓரம் தூக்கிக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் முடிவு இதுதான், சில நாள் தள்ளிப்போகும். பிவிசி குழாய்க்குப் போடும் சால்வென்ட் பிவிசியைக் கரைத்துத்தான் இணைக்கிறது. பாலிஎத்திலீனை அது கரைக்காது. பிறகு எதை இணைக்கும்? பாலிஎத்திலீனுக்கென்றே செய்த தனிப் பசைகள் உண்டு. டப்பாவிலேயே அப்படி எழுதியிருக்கும், விலையும் அதிகம். தெருமுனைக் கடையில் 'எல்லாவற்றையும் ஒட்டும்' என்று சொல்லித் தருவது அது அல்ல.

ஒட்டாமல் போவதோடு விஷயம் முடிந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். சிலிக்கான் படிந்த இடத்தில் வெல்டிங்கும் பிடிக்காது. சுரண்டிச் சுத்தமான பிளாஸ்டிக்கை எட்டுவதற்கே வெல்டிங்கைவிட அதிக நேரம் ஆகிறது, சுவரும் மெலிந்துபோகிறது. அந்தத் தண்ணீரில்தான் ஒருவர் வாய் கொப்பளிக்கிறார் என்பதையும் யாரும் நினைப்பதில்லை.

சரியான வழி வெப்பக்காற்று வெல்டிங், அதாவது சூடான காற்றால் பிளாஸ்டிக்கை இளக்கி இணைப்பது. முதலில் பிளாஸ்டிக் எதுவென்று பாருங்கள். தொட்டியில் உள்ள முக்கோணக் குறிக்குள் 2 அல்லது 4 இருந்தால் பாலிஎத்திலீன். குறி இல்லையென்றால் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கும் பிவிசியும் மூழ்கும். மிதக்கும் இரண்டும் ஒன்றோடொன்று சேராது என்பதால் வெல்டிங் ராடும் (விரிசலில் உருக்கி நிரப்பும் பிளாஸ்டிக் குச்சி) தொட்டியின் அதே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போடாவிட்டால் அது வெல்டிங்கைத் தாண்டி ஓடும். பிறகு விரிசலை 'வி' வடிவில் செதுக்கி, ராடும் தொட்டியும் ஒருசேரப் பளபளக்கும்வரை சூடாக்கி அழுத்த வேண்டும். பழுப்பேறினால் கருகிவிட்டது என்று பொருள். கேஸ் சுடரைக் காட்டுகிறவர்களிடம் தொட்டியைக் கொடுக்காதீர்கள்.

கம்ப்ரசர் காற்றை அடைத்துச் சோதிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். தொட்டி வெடித்தால் முகத்தில்தான் அடிக்கும். தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுப் பாருங்கள், போதும். கழிவுநீர்த் தொட்டியென்றால் கழுவிக் காற்றாட விடாமல் அருகில் வெப்பத்தைக் கொண்டுபோகவே கூடாது. உள்ளே எரியும் வாயு தங்கியிருக்கும்.

விரிசல் ஏன் வந்தது என்றும் பாருங்கள். அடிப்பகுதி முழுவதும் பலகையில் உட்காராமல் இரண்டு இரும்புச் சட்டங்களில் தொங்குகிறதா? அடியில் திருகாணித் தலை நீட்டிக்கொண்டிருக்கிறதா? நிரப்பும்போது காற்று வெளியேறும் குழாய் அடைத்திருந்தால் தொட்டி உப்பும். இவற்றைச் சரிசெய்யாமல் மாட்டினால் அதே தொட்டி என்னிடம் திரும்பி வரும்.

பல நேரங்களில் தொட்டியில் விரிசலே இருப்பதில்லை. குழாய் இணைப்பை ஓங்கி முறுக்கியதில் வாஷர் நசுங்கியிருக்கும். வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, காகிதத்தால் ஒற்றிப் பார்த்தால் எங்கிருந்து நனைகிறது என்று தெரிந்துவிடும்.

தயவுசெய்து, கசிவைக் கண்டதும் எதையும் பூசாதீர்கள். அடியில் ஒரு வாளி வையுங்கள், தண்ணீரை வடித்துவிடுங்கள், கசிந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள்.