உத்தரியம்

தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய இரண்டு கம்பளித் துண்டுகள், காப்பி நிறத்தில். அவற்றை இணைக்க இரண்டு நாடாக்கள். ஒரு துண்டு நெஞ்சிலும் மற்றது முதுகிலும் படும்படி சட்டைக்குள் போட்டுக்கொள்வார்கள். பிள்ளை விடுதிக்குப் புறப்பட்டாலும் கணவர் வளைகுடாவுக்குக் கிளம்பினாலும், "உத்தரியம் போட்டிருக்கியா?" என்ற கேள்வி பல கத்தோலிக்க வீடுகளில் வந்துவிடும்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. உத்தரம் என்றால் மேல். உத்தரீயம் மேலே போடும் துணி. நாம் அங்கவஸ்திரம், மேல்துண்டு என்பதும் அதைத்தான். லத்தீன்காரர்கள் தோள்பட்டையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: ஸ்காபுலா என்றால் தோள்பட்டை எலும்பு, அதிலிருந்து ஸ்காபுலார். 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய துறவற ஒழுங்கில், வேலை நேரத்துக்கு உடுத்த ஒரு ஸ்காபுலார் வேண்டும் என்று வருகிறது. அதாவது, தொடக்கத்தில் இது உழைப்பாளியின் உடை. பிறகு துறவிகளின் அங்கிக்கு மேல் முன்னும் பின்னும் தொங்கும் நீளத் துணியானது. கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையாரின் அந்தப் பழுப்பு நிறத் துணிதான், இல்லறத்தார் அணிய ஏதுவாக, சுருங்கிச் சுருங்கி இந்தச் சின்னத் துண்டுகளாகிவிட்டது. மலையாளிகள் இதை வெந்திங்ங என்கிறார்கள். போர்த்துக்கீசிய 'பெந்தீஞ்ஞு' அங்கே போய் அப்படி ஆனது.

1251 சூலை 16 அன்று இங்கிலாந்தில் சீமோன் ஸ்டாக் என்ற கார்மேல் துறவிக்கு மாதா தோன்றி, இதை அணிந்து இறப்பவர் நித்திய நெருப்புக்குள் போகமாட்டார் என்று வாக்களித்ததாக மரபு. அதைச் சொல்லும் ஏடுகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவை என்பதால் வரலாற்றாசிரியர்கள் தயங்குகிறார்கள். ஆனால் சூலை 16 கார்மேல் மாதா திருநாளாக நிலைத்துவிட்டது. நம் ஊர்களில் அவரை உத்தரிய மாதா என்றே கூப்பிடுவார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரைக் கோவில் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இறந்தவர்கள் மோட்சம் சேருமுன் பாவக்கறை தீர வேதனைப்படும் இடத்தை 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதற்கும் உத்தரியத்துக்கும் சொல்லளவில் உறவில்லை. உத்தரித்தல் என்றால் பட வேண்டியதைப் பட்டுத் தீர்த்தல். ஒலி ஒத்துப்போனது ஒரு பக்கம். உத்தரியம் அணிந்தவரை இறந்த அடுத்த சனிக்கிழமையே மாதா அங்கிருந்து மீட்பார் என்ற பழைய நம்பிக்கை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து, பலரை அந்த இரு சொற்களையும் ஒன்றாக முடிச்சுப்போட வைத்துவிட்டன.

அப்புறம் தாயத்து விவகாரம்: உத்தரியத்தைத் தாயத்துபோல நினைப்பவர்கள் உண்டு. பழைய கத்தோலிக்கத் தமிழில் குருவானவர் ஒரு பொருளை ஆசீர்வதிப்பதை 'மந்திரித்தல்' என்பார்கள்: மந்திரித்த தண்ணீர், மந்திரித்த செபமாலை. பாதிக் குழப்பத்துக்கு இந்தச் சொல்லே காரணம். மந்திரித்துக் கட்டினால் காக்கும் என்று யாரும் நினைக்கத்தானே செய்வார்கள்? திருச்சபை சொல்வது வேறு. இவை தாமாக அருள் தருபவை அல்ல. திருச்சபையின் மன்றாட்டால் அருளைப் பெற மனத்தை ஆயத்தப்படுத்துபவை. உத்தரியம் மாதாவின் உடை. உடுத்தியவர் அவர் வீட்டுப் பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டும், செபிக்க வேண்டும். மகனுக்குப் போட்டுவிட்ட அம்மா அத்தோடு விடாமல், இரவில் அவனுக்காகச் செபமாலை உருட்டுவதும் அதனால்தான்.

தனித்தமிழில் 'தோளாடை' எனலாம். லத்தீனுக்கு நேர்ச்சொல்தான், ஆனால் கடையில் சால்வை கேட்பதுபோல் இருக்கிறது. உடை என்ற பொருள் உத்தரியத்திலேயே இருப்பதால், என் கணக்கில் அதை மாற்றத் தேவையில்லை.

முதல் உத்தரியத்தைக் குருவானவர் மந்திரித்து அணிவிக்க வேண்டும். அது நைந்துபோனால் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும், மறுபடி சடங்கு வேண்டாம். பழையதைக் குப்பையில் போடாமல் எரிப்பார்கள் அல்லது புதைப்பார்கள். வியர்வையில் கம்பளி உறுத்துகிறது என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு: ஒருபுறம் இயேசுவின் திருஇருதயமும் மறுபுறம் மாதாவும் உள்ள சுரூபத்தை (சிறு உலோகப் பதக்கத்தை) அதற்குப் பதிலாக அணியலாம் என்று 1910இல் திருத்தந்தை 10ஆம் பத்திநாதர் (பயஸ்) அனுமதித்தார். ஆனால் சுரூபத்தை மாற்றும்போதெல்லாம் புதியதை மந்திரிக்க வேண்டும்.